மோட்டார்ஹோமில் சீட் பெல்ட்டும் இருக்கையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மோட்டார்ஹோம், அதாவது வீடும் வண்டியும் ஒன்றான வாகனம், வாங்கப் போகிறவர்களும், வேனை வாங்கித் தாங்களே வீடாக மாற்றுகிறவர்களும் என்னிடம் முதலில் கேட்பது, எத்தனை பேர் படுக்கலாம் என்பதைத்தான். எத்தனை பேர் பெல்ட் போட்டு உட்காரலாம் என்ற கேள்வி கடைசியில் வரும். பல நேரம் வராமலே போய்விடும். நிற்கும்போதுதான் அது வீடு. சாவியைத் திருப்பிய நொடியிலிருந்து அது வண்டி. கீழே உள்ள பதில்கள் எல்லாம் அந்த ஒரு விஷயத்திலிருந்து வருபவைதான்.

ஆறு பேர் படுக்கலாம் என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால் ஆறு பேர் பயணம் செய்யலாமா?

அப்படி எடுத்துக்கொள்ளவே கூடாது. படுக்கைகளின் எண்ணிக்கை வேறு, பயண இருக்கைகளின் எண்ணிக்கை வேறு. ஆறு படுக்கை இருந்தும் பெல்ட் உள்ள இருக்கை நான்கே இருக்கும் வண்டிகள் நிறைய உண்டு. இரண்டு பேர் மட்டுமே பயணம் செய்யக்கூடிய நான்கு படுக்கை வண்டியையும் பார்த்திருக்கிறேன். பதிவுச் சான்றிதழிலோ தயாரிப்பாளர் தரும் கையேட்டிலோ ஓட்டுநரையும் சேர்த்து எத்தனை இருக்கை என்று இருக்கும். அந்த எண்ணைத்தான் நம்ப வேண்டும். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது பெரும்பாலும் படுக்கை எண்ணிக்கை.

வாடகைக்கு எடுப்பவர்கள் இதில் அதிகம் ஏமாறுகிறார்கள். பணம் கட்டி, பெட்டி கட்டி, குடும்பத்தோடு வண்டி முன்னால் போய் நின்ற பிறகு ஒருவருக்கு பெல்ட் இல்லை என்று தெரிந்தால் என்ன செய்வது? முன்பதிவு செய்யும்போதே, “பெல்ட் உள்ள இருக்கை எத்தனை, அவை எந்தப் பக்கம் பார்த்தவை, எவற்றில் தோள் பெல்ட் இருக்கிறது?” என்று மூன்றையும் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எது பயண இருக்கை, எது வெறும் சோபா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பெல்ட் தொங்குகிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. மெத்தையைத் தூக்குங்கள். பயணத்துக்காகச் செய்த இருக்கையின் உள்ளே கனமான இரும்புச் சட்டம் இருக்கும். அது தரையைத் தாண்டி சேஸியோடு, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தோடு, போல்ட் போட்டு இணைக்கப்பட்டிருக்கும். பெல்ட்டின் முனைகள் அந்தச் சட்டத்தில்தான் போய் முடியும். வெறும் சோபா என்றால் உள்ளே பிளைவுட் பெட்டி, அதற்குள் போர்வையும் தண்ணீர்த் தொட்டியும் இருக்கும்.

ஐரோப்பிய விதிகளின்படி, வண்டி நிற்கும்போது மட்டும் பயன்படுத்த வேண்டிய இருக்கையில் அதைச் சொல்லும் படக்குறியோ எழுத்தோ இருக்க வேண்டும். பழைய வண்டிகளில் அந்த ஒட்டுவில்லை எப்போதோ உரிந்து போயிருக்கும்.

வண்டி இவ்வளவு பெரியது, கனமானது. பின்னால் உட்காருபவருக்கு பெல்ட் அவ்வளவு அவசியமா?

இந்த எண்ணம்தான் எனக்குப் பெரிய கவலை. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 50 கி.மீ. என்பது நொடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர். அந்த வேகத்தில் வண்டி ஒரு சுவரில் மோதி, முன்பகுதி நசுங்கி, 70 செ.மீ. தூரத்துக்குள் நின்றுவிடுகிறது என்று வையுங்கள். வண்டியோடு கட்டுண்டு இருப்பவர் மீது அவர் எடையைப் போல் ஏறத்தாழ 14 மடங்கு விசை வரும். 70 கிலோ மனிதர் என்றால் ஒரு டன்னுக்குப் பக்கம். அதைக் கையால் மேஜையைப் பிடித்துத் தாங்க முடியாது.

பெல்ட் போடாதவர் நிலை இதைவிட மோசம். வண்டி நின்றாலும் அவர் நிற்க மாட்டார். அதே 50 கி.மீ. வேகத்தில் முன்னே போய், எதிலாவது மோதிச் சில சென்டிமீட்டரில் நிற்பார். மூன்று மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து, ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம் அது. அவருக்கு முன்னால் பெல்ட் போட்டு உட்கார்ந்திருப்பவர் முதுகில்தான் அந்த அடி விழும்.

இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. ஓட்டுநர் அறை, வேன் தயாரிப்பாளர் மோதல் சோதனை செய்து கட்டிய இரும்புக் கூடு. அதற்குப் பின்னால் உள்ள வீட்டுப் பகுதி, பல மோட்டார்ஹோம்களில், மெல்லிய அலுமினியமோ ஃபைபர்கிளாஸோ வெளியே, நுரைத் தகடு நடுவே, இடையிடையே மரச்சட்டம் என்று ஒட்டிச் செய்த பலகைதான். குளிருக்கும் மழைக்கும் அது நல்ல சுவர். மோதலில் ஆளைக் காக்கிற சுவர் இல்லை. பின்னால் உட்காருபவரைக் காப்பாற்ற அந்த இரும்புச் சட்டமும் அதிலுள்ள பெல்ட்டும் மட்டுமே இருக்கின்றன.

பக்கவாட்டில் பார்த்த நீள இருக்கையில் பெல்ட் இருக்கிறது. அதில் உட்காரலாமா?

என் பதில்: வேறு இருக்கை இருக்கும்வரை வேண்டாம். இடுப்பு முன்னோக்கிய விசையைத் தாங்கும் விதத்தில்தான் பெல்ட்டை வடிவமைக்கிறார்கள். பக்கவாட்டில் உட்கார்ந்தவருக்கு அதே விசை விலாப்பக்கம் வருகிறது. இடுப்பு கட்டப்பட்டிருக்க, மேல் உடம்பு பக்கவாட்டில் மடிந்து, கழுத்தும் முதுகெலும்பும் முறுக்கிக்கொள்ளும். பெல்ட் ஆளைத் தூக்கி எறியாமல் பிடிக்கும் என்பது உண்மை. சில நேரம் காயத்தை அதிகமாக்கவும் கூடும் என்பதும் உண்மை.

அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2005-ஆம் ஆண்டு ஆணையின் வழியே, 2007 அக்டோபர் 20 முதல் புதிய பயணிகள் வாகனங்களில் பக்கவாட்டு இருக்கையைப் பயண இருக்கையாகப் பொருத்தத் தடை போட்டது. அமெரிக்காவில் பக்கவாட்டு சோபாவில் இடுப்பு பெல்ட் பொருத்திய மோட்டார்ஹோம்கள் இன்றும் உண்டு. அப்படிப்பட்ட வண்டியில் வேறு இடமே இல்லாமல் பெரியவர் ஒருவர் உட்கார்ந்தாக வேண்டுமென்றால், பெல்ட்டைப் போட்டே ஆக வேண்டும். குழந்தை இருக்கையை மட்டும் எந்தச் சூழ்நிலையிலும் அதில் கட்டக் கூடாது.

பின்னோக்கிப் பார்த்த இருக்கை ஆபத்தா?

முறையாகச் செய்திருந்தால் ஆபத்து இல்லை. மேஜைக்கு இரண்டு பக்கமும் எதிரெதிரே இருக்கும் இருக்கைகளில், ஓட்டுநருக்கு முதுகைக் காட்டியது இது. முன்பக்க மோதலில் விசை முழு முதுகிலும் பரவுவதால் உடம்புக்கு நல்லதுதான். பெல்ட்டுக்கு வேலை குறைவு என்பதால், இதில் இடுப்பு பெல்ட் மட்டும் இருந்தாலும் ஐரோப்பிய விதி ஏற்கிறது.

ஆனால் முதுகுப்பலகை உறுதியாக இருக்க வேண்டும், தலை உயரம் வரை வர வேண்டும். பாதி முதுகு வரைக்கும் மெத்தையைச் சாய்த்து வைத்துவிட்டு அதை இருக்கை என்று சொன்னால், மோதலில் தலை பின்னால் மடங்கும். தலைசாய்ப்பு இருக்கிறதா, மெத்தைக்குப் பின்னால் இரும்பா பலகையா என்று தட்டிப் பாருங்கள்.

இடுப்பு பெல்ட் போதுமா, தோள் பெல்ட்டும் வேண்டுமா?

முன்னோக்கிய இருக்கை என்றால் இடுப்பையும் தோளையும் சேர்த்துப் பிடிக்கும் மூன்று பாயின்ட் பெல்ட்தான் வேண்டும். வால்வோ நிறுவனத்தின் பொறியாளர் நீல்ஸ் போலின் 1959-இல் கொண்டுவந்த அதே அமைப்பு. விசையை இடுப்பெலும்பு, மார்பு, தோள் என்று பிரித்துக் கொடுக்கிறது. இடுப்பு பெல்ட் மட்டும் இருந்தால் மேல் உடம்பு கத்தி மடங்குவது போல மடங்கும், முகம் எதிரே இருக்கும் மேஜை விளிம்பில் போய் மோதும்.

இடுப்பு பெல்ட் மட்டுமே இருக்கிறதென்றால் அது வயிற்றின் மேல் ஏறாமல், இடுப்பெலும்பின் மீது படிந்து, தொடையை ஒட்டி இறுக்கமாக இருக்கட்டும். வயிற்றில் இருந்தால் மோதலில் குடலும் மண்ணீரலும் அடிபடும். கர்ப்பிணிகளுக்கும் இதே முறைதான்: கீழ்ப்பட்டை வயிற்றுக்கு அடியில், தோள் பெல்ட் மார்புகளுக்கு நடுவில், வயிற்றின் பக்கவாட்டில் இறங்க வேண்டும். மெத்தை மிருதுவாகவும் தொளதொளவென்றும் இருந்தால் ஆள் பெல்ட்டுக்கு அடியில் வழுக்கிப் போய்விடுவார். படுக்கைக்கு நல்ல மெத்தை பயணத்துக்கு நல்ல மெத்தை ஆகிவிடாது.

கூடுதலாக ஓர் இருக்கையும் பெல்ட்டும் நானே பொருத்தலாமா?

நேராகச் சொல்கிறேன்: பெல்ட்டை வாங்கிப் பலகையில் திருகிவிட்டால் அது பெல்ட் ஆகாது.

சில ஆண்டுகளுக்கு முன்பு நான் ஒரு பழைய மோட்டார்ஹோமை வாங்கப் பார்த்தேன். விற்பவர், “ரெண்டு சீட் எக்ஸ்ட்ராவா போட்டிருக்கேன், புது பெல்ட்டு” என்று பெருமையாகக் காட்டினார். பெல்ட் புதிதுதான், பளபளவென்று இருந்தது. மெத்தையைத் தூக்கி, கைப்பேசி வெளிச்சத்தில் உள்ளே பார்த்தேன். போல்ட் 12 மி.மீ. பிளைவுட் வழியாக இறங்கி, அடியில் ஒரு ரூபாய் நாணயம் அளவு வாஷரில் முடிந்திருந்தது. அதற்குக் கீழே எதுவும் இல்லை. தண்ணீர்த் தொட்டிக் குழாய் பக்கத்திலேயே கசிந்திருந்தது. பலகையில் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன், நகம் உள்ளே இறங்கியது. அந்த இருக்கையில் அவர் தன் பிள்ளைகளை உட்கார வைத்து ஓட்டியிருக்கிறார், அதுவும் பாதுகாப்பு செய்துவிட்டோம் என்ற நிம்மதியோடு. அவர் மனது நல்லது. அந்த வேலை நல்லதில்லை. அவரிடம் அங்கேயே பலகையைக் காட்டிச் சொன்னேன். வண்டியை நான் வாங்கவில்லை.

பெல்ட் தாங்கிக்கு, அதாவது பெல்ட்டின் முனையை வண்டியோடு பிடிக்கும் இடத்துக்கு, எவ்வளவு வலு வேண்டும் தெரியுமா? ஐ.நா. ஒழுங்குவிதி 14-இன்படி, பயணிகள் கார் வகையில் மூன்று பாயின்ட் பெல்ட் உள்ள ஒவ்வோர் இடத்திலும் தோள் பெல்ட் பகுதியில் 13,500 நியூட்டன், இடுப்புப் பகுதியில் 13,500 நியூட்டன் விசையை ஒரே நேரத்தில் இழுத்துச் சோதிக்கிறார்கள். இடுப்பு பெல்ட் மட்டும் என்றால் 22,250 நியூட்டன். அமெரிக்காவின் கூட்டாட்சிப் பாதுகாப்புத் தரநிலை 210-உம் கிட்டத்தட்ட இதே அளவைத்தான் கேட்கிறது: 5,000 பவுண்டு, அல்லது இரண்டு பகுதிக்கும் தலா 3,000 பவுண்டு. கிலோவில் சொன்னால், ஒருவருக்கு ஏறத்தாழ 2,700 கிலோ இழுப்பு. பெல்ட் இருக்கைச் சட்டத்திலேயே பொருத்தப்பட்டிருந்தால், இருக்கையின் எடையைப் போல 20 மடங்கு விசையும் கூடச் சேரும். இருவர் உட்காரும் பெஞ்சை அஞ்சரை டன் இழுப்பு இழுக்கும். பிளைவுட் அதற்கு முன்னால் அட்டை.

சேஸி நீளச்சட்டத்திலோ, அதோடு பற்றவைத்த கூடுதல் இரும்பிலோதான் தாங்கி இருக்க வேண்டும். பெல்ட் போல்ட்டுக்கு உலகெங்கும் வழக்கமான அளவு 7/16 அங்குலம், ஒரு அங்குலத்துக்கு 20 மரை. கடையில் கையில் கிடைக்கும் சாதாரண போல்ட் இதற்கு ஆகாது. துரு பிடித்த வேன் தரையில் பெரிய தகடு வைத்தாலும் பயனில்லை, தகட்டோடு தரையும் கிழிந்து வரும்.

வேனை வீடாக மாற்றுகிறவர்களுக்கு நல்ல வழி, உங்கள் வேன் மாடலிலேயே வைத்து இழுப்புச் சோதனை முடித்த இருக்கையை வாங்குவது. சில விற்பனையாளர்கள் ‘எம்1 சோதனை செய்தது’ என்று மட்டும் சொல்வார்கள். எம்1 என்பது எட்டுப் பயணிகள் வரையுள்ள வாகனங்களுக்கான ஐரோப்பிய வகைப் பெயர். எந்த வேனில், எந்த முறையில் பொருத்திச் சோதித்தார்கள் என்ற அறிக்கையைக் கேளுங்கள். ஒரு வேனில் தேறிய இருக்கை வேறு வேனின் தரையில் தேறும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பொருத்திய பிறகு, அங்கீகாரம் பெற்ற வாகனப் பொறியாளரிடம் காட்டிச் சான்று வாங்கி, பதிவில் இருக்கை எண்ணிக்கையை மாற்றுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

நாட்டுக்கு நாடு மாறும். ஆனாலும் அடிப்படை ஒன்றுதான்: பெல்ட் இருந்தால் போட வேண்டும். பிரிட்டனில் முன் இருக்கைக்காரர்கள் பெல்ட் அணிவது 1983 ஜனவரி 31 முதல் கட்டாயம், பின்னால் உட்காரும் பெரியவர்களுக்கு 1991 முதல். 14 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் பெல்ட் போட்டிருப்பதற்கு அங்கே ஓட்டுநரே பொறுப்பு. பெல்ட் பொருத்தாத பழைய மோட்டார்ஹோமின் பின்பகுதியில் ஆள் ஏற்றுவதை நேரடியாகத் தடுக்கும் பெல்ட் விதி இல்லாத இடத்திலும், ஆட்களை ஆபத்தான முறையில் ஏற்றிச் சென்றதாக வேறு பிரிவில் வழக்குப் போட முடியும்.

அமெரிக்காவில் வண்டி எப்படித் தயாராக வேண்டும் என்பதைக் கூட்டாட்சித் தரநிலைகள் தீர்மானிக்கின்றன. யார் பெல்ட் போட வேண்டும் என்பது மாநிலச் சட்டம். நியூ ஹாம்ப்ஷயரில் பெரியவர்களுக்குக் கட்டாயமே இல்லை. பக்கத்து மாநிலத்துக்குள் நுழைந்ததும் விதி மாறிவிடும். மோட்டார்ஹோமின் பின்பகுதியை மட்டும் வேறு விதமாக நடத்தும் மாநிலங்களும் உண்டு.

நான் கடைப்பிடிப்பது இது: போகும் வழியில் எந்த நாட்டு விதி மிகக் கடுமையானதோ, புறப்படும்போதே அதன்படி உட்காருவது.

ஓடும்போது கழிப்பறைக்குப் போகலாமா? படுக்கையில் தூங்கலாமா?

கூடாது. ஐந்து நிமிடம் ஒதுங்கி நிறுத்தினால் முடிகிற வேலை. எழுந்து நிற்பவர், அடுப்பு மூட்டுபவர், மேல் படுக்கையில் தூங்குபவர் எல்லோரும் அந்த நேரத்தில் கட்டப்படாத சாமான்தான். ஓட்டுநருக்குப் பின்னால் ஆள் நடமாடினால் வண்டி லேசாக ஆடும், அவர் கவனமும் சிதறும்.

எங்கள் வீட்டிலேயே நடந்தது. கீழே விழுந்த கிரேயானை எடுக்க, மகள் சத்தமில்லாமல் பெல்ட்டைக் கழற்றிவிட்டாள். ஒரு கிளைச்சாலை திருப்பம், வேகம் 30 கி.மீ.கூட இருக்காது. முன்னால் ஒரு நாய் ஓடியது, நான் பிரேக்கை மிதித்தேன். மோதலே இல்லை, வெறும் பிரேக். அவள் இருக்கையிலிருந்து வழுக்கி மேஜைக்கு அடியில் போய், நெற்றியை மேஜைக் கால் போல்ட்டில் இடித்துக்கொண்டாள். நான்கு தையல். அன்றிலிருந்து, “எல்லாரும் பூட்டியாச்சா?” என்று கேட்டு, ஒவ்வொருவரும் பெயர் சொல்லிப் பதில் தந்த பிறகே கியர் போடுகிறேன். நடுவழியில் ஏதாவது விழுந்தால், விழுந்தது விழுந்தபடி கிடக்கட்டும்.

குழந்தை இருக்கையை எங்கே, எப்படிப் பொருத்துவது?

முன்னோக்கிய இருக்கையில், மூன்று பாயின்ட் பெல்ட் உள்ள இடத்தில். வண்டி வாங்குவதற்கு முன்பே உங்கள் குழந்தை இருக்கையைத் தூக்கிக்கொண்டு போய் வைத்துப் பாருங்கள். காரில் கச்சிதமாக உட்காரும் இருக்கை மோட்டார்ஹோமில் உட்காராமல் போக நிறையக் காரணங்கள் உண்டு. மெத்தை தட்டையாக இருக்கும், முதுகு செங்குத்தாக இருக்கும், பெல்ட் நீளம் போதாமல் இருக்கும், பூட்டு மெத்தையிலிருந்து உயரமாகத் துருத்தி நின்று குழந்தை இருக்கையின் சட்டத்தில் இடறும்.

குழந்தை இருக்கையை பெல்ட் இல்லாமல் நேரே வண்டி இருக்கையோடு பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் இருந்தால் நல்லது. இருக்கை மடிப்புக்குள் 28 செ.மீ. இடைவெளியில் இரண்டு கம்பிகள் இருக்கும். ஆனால் ஐசோஃபிக்ஸுக்கு மூன்றாவது பிடிப்பும் வேண்டும்: முதுகுக்கு மேலே இழுத்துக் கட்டும் பட்டை, அல்லது தரையில் ஊன்றும் கால். இந்தக் காலைப் பற்றித்தான் எச்சரிக்க வேண்டும். பல மோட்டார்ஹோம்களில் இருக்கைக்கு முன்னால் உள்ள தரைக்கு அடியில் சாமான் வைக்கும் பள்ளமும் மூடியும் இருக்கும். அந்த மூடியின் மேல் கால் ஊன்றினால், மோதலில் மூடி உடைந்து இருக்கை முன்னால் கவிழும். கால் நிற்கும் இடத்தை முழங்காலால் அழுத்திப் பாருங்கள், தட்டினால் வெற்றோசை வருகிறதா என்று கேளுங்கள். சந்தேகம் இருந்தால், அந்த இடத்தில் ஊன்றலாமா என்று தயாரிப்பாளரிடம் எழுதிக் கேளுங்கள்.

இடுப்பு பெல்ட்டை வைத்து பூஸ்டர் கட்டக் கூடாது. பூஸ்டர், குழந்தையை உயர்த்தி தோள் பெல்ட் சரியான இடத்தில் விழச் செய்வதற்காகவே இருப்பது. தோள் பெல்ட்டே இல்லாதபோது அதனால் பயன் இல்லை.

கைக்குழந்தை இருக்கை பின்னோக்கியே இருக்க வேண்டும். ஐ.நா. ஒழுங்குவிதி 129-இன்படி வரும் இருக்கைகளில் 15 மாதம் வரை குழந்தை பின்னோக்கித்தான் பயணிக்க வேண்டும். அதை முன் இருக்கையில், வேலை செய்யும் ஏர்பேக்குக்கு எதிரே வைக்கவே கூடாது. ஏர்பேக் விரியும் வேகத்தில் இருக்கையின் முதுகை அடித்துக் குழந்தையின் தலையை நசுக்கிவிடும். ஐரோப்பிய நாடுகளில் 135 செ.மீ. முதல் 150 செ.மீ. வரை, நாட்டுக்கேற்ப, அந்த உயரம் வரும் வரை குழந்தை இருக்கை கட்டாயம். பிரிட்டனில் 12 வயது அல்லது 135 செ.மீ., எது முதலில் வருகிறதோ அது.

தூங்கிவிட்ட குழந்தையைக் கொஞ்ச தூரம் மடியில் வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். மேலே போட்ட கணக்குதான்: 10 கிலோ குழந்தை மோதலின்போது 140 கிலோ ஆகிவிடும். எந்தத் தாயின் கையும் அதைத் தாங்காது. இருவரையும் ஒரே பெல்ட்டில் கட்டுவது அதைவிடக் கொடுமை, பெரியவரின் எடை முழுவதும் குழந்தையை பெல்ட்டோடு நசுக்கும்.

முன் இருக்கைகள் சுழல்கின்றன. பின்பக்கம் திருப்பிய நிலையில் ஓட்டலாமா?

கூடாது. முன்னோக்கித் திருப்பி, ‘டக்’ என்று பூட்டு விழுந்த பிறகு, இரண்டு கையாலும் ஆட்டிப் பார்த்து உறுதி செய்த பின்பே கிளம்ப வேண்டும். சுழல் தகட்டைப் பின்னர் பொருத்தியவர்கள், அது உங்கள் வண்டிக்கென்று சோதித்ததுதானா என்பதையும், இருக்கை உயர்ந்ததால் பெல்ட்டின் கோணமும் கால் எட்டும் தூரமும் மாறிவிட்டனவா என்பதையும் பாருங்கள்.

இருக்கை எண்ணிக்கைக்கும் எடைக்கும் என்ன சம்பந்தம்?

நெருங்கிய சம்பந்தம். ஆறு படுக்கை வண்டிக்கு நான்கு பெல்ட் மட்டும் தருவதற்குப் பல நேரம் எடைதான் காரணம். ஐரோப்பாவில் பெரும்பாலான மோட்டார்ஹோம்களின் உச்ச எடை 3,500 கிலோ, சாதாரண கார் உரிமத்தில் ஓட்டக்கூடிய எல்லையும் அதுவே. ஓட்டுநரையும் எரிபொருளையும் சேர்த்த எடைக்கு மேல், ஒவ்வொரு பயணிக்கும் 75 கிலோ ஒதுக்க வேண்டும். தனிப்பட்ட சாமானுக்கு ஒரு சூத்திரம் உண்டு: ஓட்டுநர் உட்பட ஆட்களின் எண்ணிக்கையையும் வண்டியின் நீளத்தை மீட்டரிலும் கூட்டி, பத்தால் பெருக்க வேண்டும்.

ஒரு வண்டி ஓட்டுநரோடு 2,950 கிலோ, நீளம் 7 மீட்டர், நான்கு பேர் என்று வையுங்கள். மீதி 550. மூன்று பயணிகளுக்கு 225, சாமானுக்கு 110. கையில் நிற்பது 215 கிலோ. அதிலிருந்து வெயில் மறைப்பு, சைக்கிள் தாங்கி, சோலார் தகடு, இரண்டாவது பேட்டரி என்று ஒவ்வொன்றாகக் கழியுங்கள். ஐந்தாவது ஆளுக்கு 85 கிலோ எங்கிருந்து வரும்? பெல்ட் பொருத்த இடம் இருக்கிறது என்பதற்காக இருக்கை சேர்க்கிறவர்கள் இந்தக் கணக்கை விட்டுவிடுகிறார்கள். எடை மீறினால் பிரேக் தூரமும் நீளும், டயரும் வெடிக்கும். முழுச் சாமானோடும் ஆட்களோடும் ஒருமுறை எடை மேடையில் ஏற்றி, முன் அச்சு, பின் அச்சு இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள்.

என் வண்டி மிகப் பழையது, பின்னால் பெல்ட்டே கிடையாது. என்ன செய்ய?

முன்னால் இருவர் மட்டும் அதில் போவது, மற்றவர்கள் காரில் பின்தொடர்வது. அலுப்பாகத் தெரியும், ஆனாலும் நான் சொல்லக்கூடிய நேர்மையான பதில் அதுதான். குழந்தைகள் இருக்கிற குடும்பம் என்றால் வேறு வண்டி பாருங்கள். பிரிட்டனில், பெல்ட்டே இல்லாமல் தயாரான பழைய வாகனத்தில் 3 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தையை ஏற்றவே அனுமதி இல்லை.

காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் கேரவனுக்குள் ஆள் உட்காரலாமா?

வேண்டாம். பல நாடுகளில் சட்டமே தடுக்கிறது. தடுக்காத இடங்களிலும், அதில் பயண இருக்கை இல்லை, பெல்ட் இல்லை, இழுப்பில் ஆடிக் கவிழும் வாய்ப்பு உண்டு.

சாமானையும் நாயையும் ஏன் இதில் சேர்க்கிறீர்கள்?

பெல்ட் போட்டு உட்கார்ந்தவரின் தலையில் வந்து விழுவது அவைதான். ஒரு கிலோ சமையல் பாத்திரம் அதே 50 கி.மீ. வேகத்தில் பறந்து வரும். தலைக்கு மேலே உள்ள அலமாரியில் துணியும் காய்ந்த இலேசான பொருளும் மட்டும் இருக்கட்டும். தண்ணீர் பாட்டில், டப்பா, கருவிப்பெட்டி எல்லாம் தரைமட்டத்தில், இருக்கைச் சட்டத்துக்கு முதுகை ஒட்டி. அலமாரிக் கதவின் பூட்டுகள் ஒவ்வொன்றும் அழுத்தினால் நிற்க வேண்டும். கேஸ் சிலிண்டர் அதன் பட்டையில் இறுக்கமாக, தொலைக்காட்சி அதன் தாங்கியில் பூட்டி இருக்க வேண்டும். கழற்றக்கூடிய மேஜையைக் கழற்றி வைத்துவிடுங்கள், முக்கியமாகக் குழந்தைக்கு எதிரே இருப்பதை.

நாய்க்கு மார்புப் பட்டை போட்டு பெல்ட் பூட்டில் இணையுங்கள், அல்லது தரையில் கட்டிய கூண்டில் விடுங்கள். கழுத்துப் பட்டையில் மட்டும் கட்டினால் கழுத்து முறிந்துவிடும்.

பெல்ட் நல்ல நிலையில் இருக்கிறதா என்று வீட்டிலேயே எப்படிப் பார்ப்பது?

முழு நீளத்தையும் வெளியே இழுத்து, இரண்டு விளிம்பையும் விரலிடுக்கில் உருவிப் பாருங்கள். பிசிறு, வெட்டு, வெயிலில் வெளுத்து முறுமுறுத்த இடம் எதுவும் இருக்கக் கூடாது. வெடுக்கென்று இழுத்தால் பூட்டிக்கொள்ள வேண்டும், விட்டால் தானே சுருண்டு போக வேண்டும். பூட்டில் நாக்கை மாட்டி, பலமாக இழுத்து, பிறகு ஒற்றை விரலால் அழுத்தி விடுவியுங்கள். மோட்டார்ஹோமில் பூட்டு அடிக்கடி மெத்தைக்கு அடியில் புதைந்து போகும். ரொட்டித் துகளும் மணலும் உள்ளே இறங்கி, பாதி பூட்டிய மாதிரி காட்டும். இரவில் இருக்கையைப் படுக்கையாக்கினால், காலையில் பூட்டுகளைத் தோண்டி வெளியே எடுத்து வைப்பது முதல் வேலை.

ஆண்டுக்கு ஒருமுறை மெத்தையைத் தூக்கிச் சட்டத்தில் துரு, தளர்ந்த போல்ட், ஈரம் ஊறிய தரை ஆகியவற்றைப் பாருங்கள். விபத்தில் ஆள் உட்கார்ந்திருந்த பெல்ட்டை, பார்க்க நன்றாக இருந்தாலும், முழுத் தொகுதியோடு மாற்றிவிடுங்கள். பழைய வண்டியிலிருந்து கழற்றிய பெல்ட்டை வாங்காதீர்கள், அது என்ன விபத்தைப் பார்த்ததென்று விற்பவருக்கும் தெரியாது.